மீன் வைத்த ஃப்ரீசரும் ஊசி வைத்த ஃப்ரிட்ஜும்

லம்பா லைன்,
போர்ட் பிளேர்.

மதிப்பிற்குரிய மாமா பன்னீர்செல்வம் அவர்களுக்கு, மருமகன் சுதாகர் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் அத்தையும் நலமா என்று கேட்கவில்லை. எப்படி இருப்பீர்கள் என்று தெரியும்.

போன வாரம் போனில் கேட்டீர்கள்: "எங்க தெருவுல ஊசி போட்டவன் எல்லாம் கொரோனா வந்தும் எந்திரிச்சு உக்காந்துட்டான். எம்மக சங்கவி ரெண்டு ஊசி போட்டும் போயிட்டா. அந்த மருந்து இருந்த ஃப்ரிட்ஜுக்கு யாரு மாப்ள பொறுப்பு?" பொறுப்பு நான்தான். தடுப்பூசி ஃப்ரிட்ஜைப் பராமரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். போனில் சொன்னால் அத்தை அழுகிறார், அதனால் எழுதுகிறேன்.

தங்களுக்குச் சந்தேகம் வரக் காரணம் சங்கவியேதான். டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருக்கும்போது பொழுது போகாமல் தங்களுக்குப் போன் போட்டு, எங்கள் ஆபீஸ் மீன் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நடந்தது இது: டிரைவர் பிரவீன்குமார் வண்டூரில் ஒரு சூரை மீனை வாங்கி, டூட்டி முடியும்வரை கெடக்கூடாது என்று ஐஸ் பேக் உறைய வைக்கும் ஃப்ரீசருக்குள் போட்டுவிட்டான். ஊசி இருந்தது பக்கத்து ஃப்ரிட்ஜில். இரண்டும் வேறு. நான் கத்தினேன். "பர்ஃப் தோ பர்ஃப் ஹை, பாய். ஐஸ்னா ஐஸ்தான். ஐஸுக்கு மீன் எது, மருந்து எதுன்னு தெரியவா போகுது?" என்றான். சமாதானத்துக்குப் பாதி மீனை எனக்கே கொடுத்தான். ஒரு துண்டுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தும் சங்கவி மூணு துண்டு சாப்பிட்டாள்.

கரண்ட் போனா என்னாகும்னு கேட்டீங்க. இது அத்தை தோசை மாவு வைக்கிற ஃப்ரிட்ஜு இல்ல மாமா. சுத்துச் சுவர் பூரா ஐஸ் இருக்கும், கரண்ட் போனாலும் சில்லுனே நிக்கும். கோளாறு அங்க இல்ல. கிட்னி போனவங்களுக்கு எதிர்ப்பு சக்தி சோர்ந்து போயிரும். எல்லாருக்கும் போடுற அதே ஊசியைப் போட்டாலும் சில பேருக்குக் கம்மியாத்தான் பிடிக்கும், சில பேருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் டயாலிசிஸ் பாக்குற டாக்டர் ஜெயராணி அவ ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. எதிர்ப்பு சக்தி ஒண்ணும் பெருசா வரல. "ஊசி பாடம் நடத்திருச்சும்மா, உன் உடம்புதான் கவனிக்கல"ன்னாங்க. "ஸ்கூல்லயே நான் அப்படித்தான் மேடம், எங்கப்பாவைக் கேட்டுப் பாருங்க"ன்னா இவ. அதுக்கப்புறம்தான் அவளுக்குக் கொரோனா வந்துச்சு.

ஆகவே ஃப்ரிட்ஜின் மேல் குற்றம் இல்லை. மருந்தைச் சோதிக்க வேண்டும் என்கிறீர்கள், அவசியமில்லை. டெக்னிக்கலாக எல்லாம் தெளிவாக இருக்கிறது. பிரஷர் மாத்திரையை விடாமல் போடவும். அத்தைக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
சுதாகர்

பி.கு.: இதை எழுதி முடிச்சு கவர்ல போட்டேன், ஒட்டல. மறுநாள் அபர்டீன் பஜார்ல ஒரு லேபுக்குப் போய் அதே டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். ஒரே பாட்டில்ல இருந்துதான் எங்க ரெண்டு பேருக்கும் போட்டாங்க; அவளுக்கு முதல்ல, எனக்கு அடுத்து. எனக்குக் கொரோனா வரவே இல்ல. அதனால என் ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருந்தா அது ஊசியால வந்ததுதான்; எனக்கும் பிடிக்கலன்னா மருந்து கெட்டிருந்துச்சுன்னு அர்த்தம். இன்னைக்கு ரிசல்ட் வந்துச்சு. லேப்ல இருந்த பொண்ணு, "பகுத் அச்சா, சார். நல்லா பிடிச்சிருக்கு"ன்னு சிரிச்சுது. நீங்க சொன்னது நெசமா இருந்திருக்கக் கூடாதா மாமா. ஃப்ரிட்ஜுன்னா எனக்குச் சரி பண்ணத் தெரியும்.