ஆதித்தன் பெயரில் ஒரு லேப்டாப்

அன்றைக்கு நாறும்பூநாதன் போட்டிருந்த மழைக்கோட்டு நீலமா கரும்பச்சையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கிழமைகூடச் செவ்வாயா புதனா என்று குழப்பம்தான். அவர் ஒரு விதமாகச் சொன்னார், அவர் மனைவி மங்களேஸ்வரி வேறு விதமாகச் சொன்னார், நடுவில் நானும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம். ஆனால் கோட்டுக்குள் சட்டை இல்லை என்பதில் மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சட்டை லேப்டாப் பைக்குள் இருந்தது. பையைக் காணவில்லை.

குற்றாலம் பேரருவிக்குப் பக்கத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், இடுப்பில் ஈரத்துண்டும் உடம்பில் மழைக்கோட்டுமாக நாறும்பூநாதன் நின்றுகொண்டிருந்தார். சாரல் நின்று வெயில் அடித்தது. கடந்துபோனவர்கள் அவரை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

பை தொலைவது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் நாறும்பூநாதனின் வேலையே திருடுபோன லேப்டாப்புகளைக் கண்டுபிடிப்பது. சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காகத் தென்காசி வீட்டிலிருந்தே அதைச் செய்துவந்தார். ஒரு லேப்டாப் திருடுபோனதாகப் பதிவானால், அது இருக்கும் இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அதை அலற வைக்கலாம். திரையில் எச்சரிக்கை காட்டலாம். மூடியைத் திறப்பவரைப் படம் பிடிக்கலாம். எச்சரிக்கை வாசகத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவரே நாறும்பூநாதன்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்ய ஆறு மாதச் சோதனை அனுமதி கொடுத்திருந்தார்கள். முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அலுவலக லேப்டாப் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது முதல் நிபந்தனை. மீறினால் சென்னைக்குத் திரும்ப வேண்டும். மங்களேஸ்வரி ஆறு வருடம் அலைந்து, போன வருடம்தான் தென்காசி தாலுகா அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு வீட்டில் இருந்தது அந்த ஆறு மாதங்கள்தான்.

அன்று காலை மாடியில் துணி காயப்போடப் போன நாறும்பூநாதன் மலையைப் பார்த்தார். மேகம் பாதி மலைக்கு இறங்கியிருந்தது. பத்து நிமிடம் அப்படியே நின்றார். ஒரு குளியல், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் என்று கிளம்பினார். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், சும்மா கிடப்பதாக அது சென்னைக்குக் காட்டிக் கொடுத்துவிடும். மேலாளர் பரமேஸ்வரனின் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சை விளக்கு மஞ்சளாகும். லேப்டாப்புக்குள்ளேயே சிம் கார்டு இருந்ததால் கையோடு எடுத்துப்போய் அவ்வப்போது தட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

செல்போனும் பர்சும் மழைக்கோட்டும் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் போயின. சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பை மட்டும் சீட்டுக்கடியில் நுழையவில்லை. அதற்குக் குற்றாலத்தில் ஒரு வழி உண்டு. குளித்து முடித்தவர்கள் கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து, குளிக்கப் போகிறவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. தலை நிறைய எண்ணெயோடு, ஏழெட்டுப் பைகளுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாத்துக்கிடுங்க அண்ணாச்சி என்று சொல்லிப் பையை வைத்துவிட்டு நாறும்பூநாதன் அருவிக்குள் போனார்.

நாலு நிமிடம் நின்றிருப்பார். தண்ணீர் நிறம் மாறியது. வெள்ளம் வருகிறது என்று போலீஸ்காரர்கள் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைத்தெருவில் விட்டது. அடித்துப் பிடித்துத் திரும்பி வந்தபோது படிக்கட்டு காலியாக இருந்தது. எண்ணெய்த் தலையும் இல்லை, பைகளும் இல்லை.

சென்னை அலுவலகத்தில் அதே வேலை பார்க்கும் உமாசங்கரைக் கூப்பிட்டார். வீரகேரளம்புதூர்ப் பையன், அண்ணாச்சி அண்ணாச்சி என்று உயிரை விடுவான்.

"ஏலே, என் பேர்ல பதிஞ்சிராத. பரமேஸ்வரன் சார் பாத்துட்டார்னா என் கதை முடிஞ்சுது."

"வேற யாரு பேர்ல பதிய?"

"யாரு பேர்லயாவது பதி."

உமாசங்கருக்கு அவசரத்தில் ஒரு பெயர்தான் வாயில் வந்தது. அவனுடைய அக்காள் மகன் பெயர். லேப்டாப்பின் உரிமையாளர் ஆதித்தன் என்று பதிந்து, அக்காளின் செல்போன் எண்ணையும் போட்டான். அடுத்த நிமிடம் புள்ளி தெரிந்துவிட்டது. ஐந்தருவிச் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

நாறும்பூநாதன் ஸ்கூட்டரைக் கிளப்பினார். பாதி வழியில் பரமேஸ்வரனிடமிருந்து செய்தி வந்தது. விளக்கு ஏன் மஞ்சளாக இருக்கிறது? தென்காசி முழுக்க மின்தடை என்று பதில் போட்டார். உடனே மங்களேஸ்வரியின் அழைப்பு வந்தது. சாப்பாட்டுக்கு வரவா என்று கேட்டார். வர வேண்டாம், மீட்டிங்கில் இருக்கிறேன், கதவைச் சாத்தியிருக்கிறேன் என்றார். பக்கத்தில் ஓடை இரைந்துகொண்டிருந்தது. அதென்ன தண்ணிச் சத்தம் என்று மனைவி கேட்டதற்கு, மாடித் தொட்டி நிறைந்து வழிகிறது என்றார். மோட்டாரை நிறுத்துங்கள் முதலில் என்று மங்களேஸ்வரி வைத்துவிட்டார்.

ஐந்தருவி பக்கத்தில் புள்ளி ஒரு பரோட்டாக் கடையில் நின்றிருந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது. அதற்கு முன்பே உமாசங்கர் லேப்டாப்பை அலற வைத்திருந்தான். திரை எச்சரிக்கையையும் போட்டிருந்தான். படங்களை ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

முதல் படத்தில் ஒரு வேனின் கூரை மட்டும் இருந்தது. இரண்டாவதில் எண்ணெய்த் தலைக்காரரும், அவர் மனைவியாக இருக்க வேண்டிய ஒரு பெண்ணும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் ஏழு பேர். ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இது தனி ஆள் இல்ல. குடும்பத்தோட திருட வந்திருக்காவ."

பரோட்டாக் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினார். அவர் படத்தையும் பார்த்தார், மழைக்கோட்டையும் பார்த்தார். பிறகு, அந்தப் பெட்டி அலறியதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி பரோட்டாவோடு எழுந்து ஓடியதாகச் சொன்னார். ரொம்பப் பதற்றமாக இருந்தார்கள், ஒரு பெண் அழுதே விட்டார் என்றார். குற்றவாளிகளின் மனநிலை பற்றித் தான் வாசித்ததெல்லாம் சரிதான் என்று நாறும்பூநாதனுக்குத் தோன்றியது.

நாலாவது படம் வந்தது. எண்ணெய்த் தலைக்குப் பக்கத்தில் ஒரு காக்கிச் சட்டை. தலை படத்துக்குள் வரவில்லை.

"ஆட்டோக்காரனும் உடந்தையாலே?" என்றார் நாறும்பூநாதன்.

அதற்குள் புள்ளி குற்றாலத்துக்கே திரும்பி வந்து, ஒரு தெருவில் நின்றிருந்தது. இருபது நிமிடமாக நகரவில்லை. அவர் அங்கே போனார். வேன் நின்றிருந்தது.  காவல் நிலையத்துக்கு நேர் எதிரே. திருடிய பொருளோடு போலீஸ் வாசலில் வண்டியை நிறுத்தும் துணிச்சலை அவர் இத்தனை நாள் வேலையில் கேள்விப்பட்டதில்லை.

வேனில் ஆள் இல்லை. பக்கத்து விடுதியில் பதுங்கியிருப்பார்களோ என்று பார்த்தார். தெருவில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். போலீசுக்குப் போனால் விஷயம் சென்னை வரைக்கும் போகும். போகாவிட்டால் லேப்டாப் போகும். இரண்டில் எது போனாலும் தென்காசி போகும். கடைசியில், போலீசிடம் பாதி உண்மையாவது சொல்லிப் பார்க்கலாம் என்று உள்ளே நுழைந்தார்.

உள்ளே பெஞ்சில் அந்த ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் அவருடைய லேப்டாப் திறந்து கிடந்தது. அதன் முன்னால் தலைமைக் காவலர் நயினார் உட்கார்ந்திருந்தார்.

ஆக, பிடித்தே விட்டார்கள். நாறும்பூநாதனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய்த் தலைக்காரரை நோக்கிக் கையை நீட்டி, "இவருதான் ஏட்டையா" என்றார்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கை அவரை நோக்கி நீண்டது.

"இவன்தான் ஐயா அந்தத் திருடன்" என்றார் எண்ணெய்த் தலைக்காரர். "பாத்துக்கிடுங்க அண்ணாச்சின்னு என் கையில குடுத்துட்டு அருவிக்குள்ள போனவன். போலீஸ் வெரட்டயில எங்க பையோட இவன் பையையும் தூக்கிக்கிட்டு ஐந்தருவி வரைக்கும் தேடிட்டோம். வெள்ளத்துல போயிட்டானோன்னு நாங்க கெடந்து பதறுதோம், என் பொண்டாட்டி அழுதே போட்டா. அதுக்கப்புறம்லா பெட்டி கத்துது, நான் திருட்டுப் பொருளுன்னு."

அவர் பெயர் குற்றாலிங்கம். சுரண்டையில் உரக்கடை வைத்திருந்தார். குடும்பத்தோடு குளிக்க வந்தவர். பக்கத்தில் இருந்த அவர் மனைவி லோகநாயகி, கையில் பாதி பரோட்டாப் பொட்டலத்தோடு, ஆமாம் என்று தலையாட்டினார்.

திரையில் நாறும்பூநாதனின் சொந்தத் தமிழ் சிவப்பெழுத்தில் ஒளிர்ந்தது. இது திருடப்பட்ட மடிக்கணினி. உரிமையாளர்: ஆதித்தன். கண்டெடுப்போர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும்.

நயினார் மெதுவாக எழுந்து வந்தார்.

"வெயிலு இந்தப் போடு போடுது. மழைக்கோட்டு எதுக்குவே?"

லேப்டாப் தன்னுடையதுதான், சட்டையும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது என்றார் நாறும்பூநாதன். நயினார் பையைத் திறந்து சட்டையை எடுத்துப் பார்த்தார். ஆளையும் பார்த்தார். திருடிய இடத்தில் சட்டையும் எடுத்திருக்கலாம் அல்லவா என்றார். உரிமையாளரிடமே கேட்டுவிடலாம் என்று, திரையில் ஆதித்தன் பெயருக்குக் கீழே இருந்த எண்ணுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். ஒரு பெண் எடுத்தார்.

"ஆதித்தன் இருக்காரா? குற்றாலம் போலீஸ் ஸ்டேசன்."

 அந்தப் பெண் பயந்த குரலில், "அவன் பாலு குடிச்சிட்டு இப்பத்தான் தூங்குதான். ரெண்டு வயசு ஆவுது. என்ன செஞ்சான் ஐயா?" என்றார்.

நயினார் போனை வைத்துவிட்டு நாறும்பூநாதனை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார். பச்சைப்பிள்ளையிடமிருந்து திருடியிருக்கிறான் என்று லோகநாயகி முணுமுணுப்பது கேட்டது.

உமாசங்கரைக் கூப்பிட்டால் எல்லாம் தெளிவாகும் என்றார் நாறும்பூநாதன். அக்காள் ஏற்கெனவே தம்பியிடம் அழுதிருக்க வேண்டும். உமாசங்கரின் போன் அணைந்திருந்தது. மனைவியைக் கேளுங்கள் என்று எண்ணைக் கொடுத்தார். நயினார் பேசினார். மங்களேஸ்வரி நிதானமாக, அலுவலகக் குரலில் பதில் சொன்னார்.

"நீங்க வேற யாரையோ பிடிச்சிருக்கீங்க சார். எங்க வீட்டுக்காரர் வீட்டுல மீட்டிங்ல இருக்காவ. இப்பத்தான் பேசுனேன். வேலைன்னு உக்காந்தாவன்னா கதவைத் தாண்டி வர மாட்டாவ."

அவர் குரலில் பெருமை இருந்தது.   நாறும்பூநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

மீதி இருந்தது ஒரே ஒரு எண். அதை அவரே சொன்னார்.

நயினார் பரமேஸ்வரனிடம் விவரம் சொன்னார். ஆதித்தன் என்கிற வாடிக்கையாளரின் லேப்டாப் கிடைத்துவிட்டது, திருடனும் கையில் இருக்கிறான், பெயர் நாறும்பூநாதன் என்கிறான், உங்களிடம் வேலை பார்ப்பதாகவும் சொல்கிறான் என்றார்.

 எதிர்முனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நாறும்பூநாதன் தன் ஆறு மாதங்களை அந்தச் சத்தத்தோடு எண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பஸ் நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போனது.

"புகார் பதிவாகி எத்தனை நேரத்துல பிடிச்சீங்க?" என்று பரமேஸ்வரன் கேட்டார்.

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

 எதிர்முனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டதாக நாறும்பூநாதன் பிறகு சொன்னார். அந்த ஆறு மாதத்தில் நிறுவனம் தேடியது நாற்பத்தொரு லேப்டாப். கிடைத்தது இரண்டு. இரண்டுமே உரியவரின் கட்டிலுக்கடியில் இருந்தன. திருடனோ இதுவரை ஒருவன்கூடப் பிடிபட்டதில்லை. அடுத்த வாரம் முதலீட்டாளர்கள் வருவதாக இருந்தது.

"அவர் எங்க ஆள்தான் சார்" என்றார் பரமேஸ்வரன் கடைசியில். "விட்டுருங்க. ஆனா ஒரு உதவி. திருடன் பிடிபட்டான்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க."

நயினார் சற்று யோசித்துவிட்டு, பிடிபட்டவர் விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார் என்று எழுதிக் கொடுத்தார். அதில் பொய் எதுவும் இல்லை. வேனில் ஏறும்போது குற்றாலிங்கம் மனைவியிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"ஒரே போன்ல வெளிய வந்துட்டான் பாத்தியா? பெரிய எடத்துத் திருடன்ட்டி."

நிறுவனத்தின் அறிக்கையில், திருடன் பிடிபட்டார் என்று ஒரு வரியும், பொருள் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு வரியும் சேர்ந்தன. இருவரும் ஒரே ஆள் என்று எங்கும் எழுதப்படவில்லை. முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். பரமேஸ்வரனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. உமாசங்கர் வேறு பிரிவுக்குப் போனான், அவன் அக்காள் அவனோடு மூன்று மாதம் பேசவில்லை. குற்றாலிங்கத்துக்கு நிறுவனம் ஒரு பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது, அதைக் கடையில் மாட்டியிருக்கிறார். நயினார் ஓய்வு பெற்றுவிட்டார். மங்களேஸ்வரி பதினோரு நாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பன்னிரண்டாம் நாள் சாப்பிட வாருங்கள் என்றார். நாறும்பூநாதனின் அனுமதி நிரந்தரமானது. அவர் தென்காசியில்தான் இருக்கிறார்.