பாய்லர் மேல் படுத்த உடும்பு

சத்தியமாகச் சொல்கிறேன், இது அத்தனையும் நடந்தது. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், நாளைக்குக் கறிச்சோறு பரிமாறும் நேரத்தில் என் பல்செட் காணாமல் போகட்டும்.

ஒரு காட்டில் நெல் அவிக்கும் ஆலை ஒன்று இருந்தது. காட்டில் நெல் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். முதலாளி, கொப்பையன் என்ற கரடி. ஆலையில் ஒரு பாய்லர், அதன் தலையில் ஒரு சேப்டி வால்வு. உள்ளே நீராவி அளவுக்கு மிஞ்சினால் வால்வு தானே திறந்து, உஸ்ஸென்று வெளியே விட்டுவிடும். அதை வைத்ததே அதற்குத்தான். ஆனால் அந்தச் சத்தம் கேட்டாலே கொப்பையனுக்கு வயிறு எரியும். என் விறகு, என் தண்ணீர், யாரைக் கேட்டு வெளியே போகிறது என்பார்.

பாதுகாப்பு அதிகாரி தீர்த்தகிரி ஓர் ஆமை. பிறக்கும்போதே ஹெல்மெட்டோடு வந்தவர், அந்தச் செலவு மிச்சம் என்றுதான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். ஆபத்தைக் கண்டால் உடனே சொல்லிவிடுவார். சொன்ன கையோடு தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

ஆலை வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘இங்கே விபத்து நடந்ததே இல்லை.’ அதைக் காட்டித்தான் கொப்பையன் வருஷா வருஷம் சிங்கராஜாவிடம் கேடயம் வாங்கிவந்தார். இந்த வருஷம் ஆய்வாளர் யானை நேரிலேயே பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அதே சமயம் அறுவடை நெல்லும் வந்து குவிந்தது. அடுப்பில் விறகைத் திணித்தார்கள். வால்வு ஓயாமல் சீறியது.

நீராவியின் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்த தீர்த்தகிரி, முள் சிவப்பில் நிற்கிறது என்றார். கொப்பையன் பெயிண்ட் டப்பாவை வரவழைத்து, சிவப்பின் மேல் பச்சை அடித்தார்.

“இப்ப எதுல நிக்குது ஆபீசர்?”

“பச்சையிலதான் முதலாளி,” என்றது ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

சத்தம்தான் பாக்கி. வால்வு மேல் கல்லை வைத்துப் பார்த்தார்கள். நீராவி அதைத் தூக்கி ஆற்றில் எறிந்தது. கம்பி போட்டுக் கட்டினால் யானையின் கண்ணில் படும். அப்போதுதான் கொப்பையனுக்குச் சங்கிலியின் ஞாபகம் வந்தது.

சங்கிலி ஓர் உடும்பு. மூட்டை தூக்கும் தற்காலிகத் தொழிலாளி. பிடித்தால் பிடித்ததுதான். கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்தவனைப் பிரித்துப் பந்தியில் உட்காரவைப்பதற்குள் சாம்பார் ஆறிப்போயிற்று. அந்தப் பெண், பூவாத்தா, இப்போது சாயங்காலம் தவறாமல் ஒரே பாட்டுத்தான் பாடுவாள்.

“எங்க அக்கா வீட்டுக்காரர் மிருகக்காட்சிசாலையில பர்மனென்ட். வேளாவேளைக்குச் சோறு, பேர் எழுதின பலகை, பார்க்க வர்ற சனம். நீங்களும் ஒரு உடும்புன்னு இருக்கீங்க.”

கொப்பையன் சங்கிலியைக் கூப்பிட்டார். வால்வை அமுக்கிப் பிடித்தபடி வெயில் காய்கிறவன்போல் படுத்திரு, யானை திரும்பிப் போனதும் நீ பர்மனென்ட் என்றார். சங்கிலி மறுபேச்சில்லாமல் ஏறினான். தீர்த்தகிரிக்கு மனசு கேட்கவில்லை. தலையை நீட்டினார்.

“சங்கிலி, அது கோவத்துல சீறல. நம்ம உசிருக்காகச் சீறுது. விட்ருப்பா.”

“நீங்க பர்மனென்ட்டா ஆபீசர்?”

“ஆமா.”

“அப்ப உங்களுக்குப் புரியாது.”

தலை உள்ளே போய்விட்டது.

யானை வந்தார். பலகையைப் படித்தார். மீட்டரின் பச்சையைக் கண்டு அதைத் தும்பிக்கையால் தட்டிக்கொடுத்தார். பாய்லர் உச்சியில் படுத்திருப்பது யார் என்று கேட்டார். தொழிலாளி ஓய்வெடுக்கிறார் என்றார் கொப்பையன். பாய்லர் மேலேயே கண்ணயரும் அளவுக்குப் பாதுகாப்பான ஆலையா என்று யானை நெகிழ்ந்துபோய், கரும்பு விருந்தில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே சங்கிலிக்கு முதலில் வயிற்றில் இதமான சூடு. பிறகு வெறும் சூடு. பிறகு வயிற்றுக்கடியில் யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம். இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அக்கா வீட்டுக்காரர் கண்முன் வந்தார். பிடியை இறுக்கினான்.

வால்வு அடியோடு பிய்த்துக்கொண்டது. கூரை ஓடுகள் பறந்தன. கொப்பையனின் சுருட்டை மயிரெல்லாம் நட்டுக்குத்தலாக நின்றது. நீராவி மொத்தமும் அந்த ஓட்டை வழியே போனதால் பாய்லர் பிழைத்தது. சங்கிலி வால்வோடு ஆற்றைத் தாண்டிப் பறந்து, பக்கத்துக் காட்டில் ஒரு சருகுக் குவியலில் விழுந்தான். வால் நுனி போயிற்று. பிடி போகவில்லை.

ஆலை வாசலிலேயே விசாரணை வைத்தார் யானை. லீவு சொல்லாமல் இடத்தை விட்டு ஓடியவனுக்கு வேலை கிடையாது என்று கொப்பையன் வாதாடினார். சங்கிலியைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். வால்வை மார்போடு அணைத்திருந்தான்.

“நான் எடத்த விட்டுப் போகலீங்க ஐயா. எடம்தான் போச்சு. நான் கூடப் போனேன்.”

யானை வெகுநேரம் காதை ஆட்டிவிட்டு, இதில் நியாயம் இருக்கிறது, பர்மனென்ட் ஆக்கு என்றார்.

அப்படியானால் வாசல் பலகையை அழித்துவிடலாமா என்று தீர்த்தகிரி கேட்டார். எதற்கு என்றார் யானை. அடிபட்டது ஆற்றுக்கு அக்கரையில். அது அந்தக் காட்டின் விபத்து. கேடயம் கொப்பையனுக்கே போயிற்று. ஆலையே இல்லாத அக்கரைக் காட்டுக்கு, உடனே ஒரு பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கும்படி உத்தரவு போயிற்று.

பாய்லருக்குப் புது வால்வு வந்தது. சங்கிலி இப்போது பர்மனென்ட். ஆகவே இனி நாமும் ‘அவர்’ என்றுதான் சொல்லவேண்டும். அவருக்குக் கொடுத்த பதவி, அந்தப் புது வால்வைப் பிடித்துக்கொண்டிருப்பது. பூவாத்தா விவரமானவள். தினமும் காலையில் அவருக்குச் சோற்றைக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஆற்றைக் கடந்துபோய் அந்தச் சருகுக் குவியலை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டு வருகிறாள்.

நீதி: பாதுகாப்பு வால்வில் இல்லை, விழுகிற இடத்தில் இருக்கிறது. அக்கரையில் விழுபவருக்கே வேலை நிரந்தரம்.

இதை யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கரடி இன்னும் ஆலை நடத்துகிறார். ரொம்பவும் நெருக்கிக் கேட்டால் ஆமை சொன்னதாகச் சொல்லுங்கள். அவரிடம் போய்க் கேட்டாலும் வெளியே தெரிவது ஓடுதான்.