பொன்னி ஒன்

சுவருக்கு அந்தப் பக்கம் யமுனா இருமினால் இந்தப் பக்கம் கணீரென்று கேட்டது. கலீமின் முதல் தலைவலி அதுதான்.

அவன் வேலை பார்த்த சின்ன கம்பெனி திருச்சி தில்லை நகரில், ஒரு கிளினிக்குக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தப் பழகுகிறவர்களுக்கு அங்கே சிமுலேட்டர் செய்தார்கள். திரையில் நகரும் விமானங்கள் வெறும் புள்ளிகள். எட்டுப் புள்ளிகளுக்கும் பைலட்டாகக் குரல் கொடுப்பவள், அடுத்த அறையில் மைக்கோடு உட்கார்ந்திருக்கும் ஸ்ரீரங்கத்து யமுனா ஒருத்திதான். திருச்சிக்கு மூன்றெழுத்து, கொழும்புக்கு மூன்றெழுத்து, ஒவ்வொரு விமானக் கம்பெனிக்கும் ஒரு குறியீட்டுப் பெயர் என்று உலகத்தையே திரட்டி உள்ளே ஏற்றியவன் கலீம்.

இன்று சோதனை. பெரிய அதிகாரி பீமராவ் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் தலையாட்டினால்தான் சிமுலேட்டர் விலைபோகும். விலைபோனால்தான் கலீமுக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் மாமா தன் மகள் ஹாஜிராவைக் கட்டிக் கொடுப்பார்.

இருமல் கேட்டால் மானம் போய்விடும் என்று யமுனாவின் கதவிடுக்கில் ஸ்பாஞ்சைத் திணித்தான். செல்போன் அடித்தாலும் வம்பு, அதையும் வாங்கிக்கொண்டான்.

"நேத்து ஒத்திகையில, 'டீ வந்துச்சா'ன்னு மைக்லயே கேட்டீங்க. அதனால இனிமே விமானக் கம்பெனி பேரைச் சொன்னாத்தான் லைன் திறக்கும். அதுக்கு மேல இங்கிலீஷ்லதான் பேசணும், தமிழ் வந்தா லைன் கட்டாயிடும்."

"அப்ப டீ?" என்றாள் யமுனா.

"முடிஞ்சதும்ங்க!"

நடுவில் யாராவது நுழைந்துவிட்டால்? கதவை வெளியே பூட்டிச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

விமானங்களை வழிநடத்துபவனாகக் கலீமே திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். பீமராவ் அவன் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். "தம்பி, நடுவுல ஒரு ஆபத்து வரும். என்னன்னு அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு பாப்போம்."

கலீம் மைக்கை வாயருகே இழுத்து வைத்துக்கொண்டான்.

இருபது நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஸ்பீக்கரில் ஓர் அலறல். "பொன்னி ஒன்! ஸ்மோக்! ஸ்மோக்!"

புகையா? அதைவிட, பொன்னியா? எப்போதோ இழுத்து மூடிய விமானக் கம்பெனி அது. பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்க மறந்திருந்ததால் லைன் திறந்துவிட்டது. திரையில் பொன்னி என்று ஒரு புள்ளியே இல்லை. பீமராவ் பார்த்தால் தொலைந்தோம் என்று அவசரமாக ஒரு புள்ளியை உண்டாக்கி, ஸ்ரீரங்கத்துக்கு மேலே நிறுத்தினான்.

அங்கேதான் கொழும்பு விமானம் வந்துகொண்டிருந்தது. திரை சிவந்தது. கொழும்பைப் புதுக்கோட்டைப் பக்கம் திருப்பினான். அங்கே துபாய் விமானம் எதிரே வந்தது. துபாயைக் கூப்பிட்டான். பதில் இல்லை. கொழும்பையும் கூப்பிட்டான். அதுவும் வாய் திறக்கவில்லை.

"பொன்னி ஒன்! ஓபன் தி டோர்! ப்ளீஸ்!"

ஆகாயத்தில் கதவைத் திறக்கச் சொல்லும் பைலட்டை அவன் கேள்விப்பட்டதே இல்லை. "பொன்னி ஒன், நோ! கீப் தி டோர் க்ளோஸ்டு!"

"பொன்னி ஒன்! நோ ஏர்! நோ ஏர்!"

மூச்சு முட்டினால் விமானத்தைக் கீழே இறக்க வேண்டும். அது அவன் படித்த பாடம். "பொன்னி ஒன், டிசெண்ட் டு த்ரீ தௌசண்ட் ஃபீட்!" என்று கத்தினான்.

ஸ்பீக்கரில் கண்ணாடி உடைகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

"பொன்னி ஒன்! பொன்னி ஒன்!" கலீம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். திரையில் கொழும்பும் துபாயும் ஒன்றாகி மறைந்தன. இரண்டு விமானமும் போச்சு, வேலையும் போச்சு, ஹாஜிராவும் போயாச்சு. "யா அல்லாஹ்" என்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பின்னால் கைதட்டல் கேட்டது.

"பிரமாதம் தம்பி! நீங்க கோட்டை விட்டா என்ன, சிமுலேட்டர் என்னையே நடுங்க வச்சிடுச்சு. பறவை மோதுச்சுன்னுதான் நான் எழுதிக் கொடுத்தேன். புகை, கதவெல்லாம் அந்தப் பொண்ணே சேர்த்திருக்கா. என்னா நடிப்பு! கையெழுத்து எங்க போடணும், சொல்லுங்க."

கலீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினான். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன் மதுரைவீரன் வந்து நின்றார். முகமெல்லாம் கரி, கையில் காலி வாளி.

"சார், பக்கத்து ரூம்ல இன்வெர்ட்டர் பேட்டரி பத்திக்கிச்சு. அணைச்சாச்சு. யமுனா பாப்பாவ ஏணி வச்சு ஜன்னல் வழியா இறக்கிட்டோம், ஒண்ணும் ஆகல. தரையில கால் வச்சதுலேருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது: முதல் மாடியில நின்னவள மூவாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னது யாருன்னு!"