வீட்டுக்காரர் கையெழுத்து

இன்னும் நாற்பத்தெட்டு மணி இருபது நிமிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பன்னிரண்டு மாத வாடகை ரசீதைக் கொடுக்காவிட்டால், இந்த மாதச் சம்பளத்தில் பாதியை வரியாகப் பிடித்துவிடுவார்கள். அந்தப் பாதிதான் மகளின் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய இரண்டாம் தவணை.

பெரியவன் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தான். வீட்டுக்கு ஒரே பிள்ளை. இருந்தாலும் பிறந்ததிலிருந்து அவன் பெரியவன்தான். இந்த யோசனையை அவனுக்குச் சொன்னது கணக்குப் பிரிவு அக்கா.

"யார் வீட்டுல இருக்கே?"

"அப்பா வீட்டுலக்கா."

"மாசாமாசம் பணம் குடுக்கிறியா?"

"அப்பா அம்மா சேர்ந்து வச்சிருக்கிற கணக்குல போட்டுடுவேன்."

"அப்ப அது வாடகைதானே? ரசீது வாங்கிட்டு வா, வரி குறையும். பெத்த அப்பாகிட்ட கையெழுத்து வாங்குறதுல என்ன கஷ்டம்?"

அக்காவுக்கு அவன் அப்பாவைத் தெரியாது. அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால், அப்பா குனிந்து அதன் முள்ளைப் பார்ப்பார்.

அன்று மாலை பெரியவன் எழுதி நீட்டிய ரசீதுகளை அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாடகைன்னா ஒப்பந்தம் எங்கே?"

"நமக்குள்ள எதுக்குப்பா ஒப்பந்தம்?"

"நமக்குள்ளதானே? அப்ப ரசீது எதுக்கு?"

பெரியவன் ரசீதுகளை மடித்துப் பையில் வைத்தான். மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு, தட்டச்சு செய்பவரிடம் உட்கார்ந்து ஒப்பந்தம் தயார் செய்து கொண்டுவந்தான். கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தான். அப்பா சிவப்புப் பேனாவை எடுத்தார்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒழுகும் குழாயைக் குடியிருப்பவரே சரிசெய்ய வேண்டும். யாரும் இல்லாத அறையில் மின்விசிறி ஓடக் கூடாது. ஓரத்தில் இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பி எழுதினார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. அப்பா அவனை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"இந்த ஆணி யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"அப்பா, அது நாலு வருஷமா அங்கேதான் இருக்கு."

"நாலு வருஷமாவா? அப்ப நாலு வருஷமா விதிமீறல்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவி மெதுவாகச் சொன்னாள். "பதினெட்டு வருஷமா மாமனார் வீட்டுல இருந்தேன். இன்னைக்கு வாடகை வீட்டுக்கு வந்துட்டேன். நல்லாத்தான் முன்னேறியிருக்கோம்."

"கொஞ்சம் பொறு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடுவார்."

"ஆணியைப் பிடுங்கிடுங்க. அதுக்காகவாவது மனசு இரங்கட்டும்."

பிடுங்கினான். ஆணியோடு உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப்பூச்சும் வந்தது. அப்பா அளவுநாடா கொண்டுவந்து ஓட்டையை நீளத்திலும் அகலத்திலும் அளந்து, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் 'சேதாரம்' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை பெரியவன் தானே சிமெண்டு குழைத்துப் பூசினான். குடுவையில் ஒரு சொட்டு கூடக் குறையாமல் ஊற்றத் தெரிந்தவன், சுவர் என்றதும் சிமெண்டை அள்ளி அப்பினான். பூசிய இடம் வீங்கிய கன்னம் மாதிரி நின்றது.

"முன்னே ஓட்டை இருந்துது, இப்ப மேடு இருக்கு," என்றார் அப்பா. "பழைய நிலைமைக்குக் கொண்டு வாங்க. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

அதற்குள் அக்கா தொலைபேசியில் வந்தாள்.

"என்னப்பா, ரசீது கிளம்பிடுச்சா?"

"இதோ ஆயிடும்க்கா."

"அப்படியே வீட்டுப் பத்திரத்தோட நகல் ஒண்ணு வச்சிடு. இந்த வருஷம் அதையும் கேக்கிறாங்க."

பெரியவன் சிமெண்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றான். பத்திரம் என்ற வார்த்தையைச் சொல்லி முடிக்கவில்லை, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"குடியிருக்கிறவர் வீட்டுக்காரர்கிட்ட பத்திரம் கேக்கிற காலமா இது?"

"நகல்தான்பா. ஒரு மணி நேரத்துல திருப்பிக் குடுத்துடறேன்."

"நம்பிக்கை இல்லாத இடத்துல குடியிருக்க வேணாம். மூணு மாசம் தர்றேன். காலி பண்ணிக்குங்க."

மணி இரண்டேகால். மனைவி பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள்.

"என்ன பண்றே?"

"வீட்டுக்காரர் சொல்லிட்டார்ல. எங்கே போறதுன்னு நீங்க யோசிங்க, நான் துணியை மடிக்கிறேன்."

பெரியவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா, நீங்க துரத்துங்க, போறோம். ஆனா திங்கக்கிழமைக்குள்ள அந்தத் தவணையைக் கட்டலன்னா உங்க பேத்திக்கு இடம் போயிடும். இந்த ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. அப்புறம் சுவரையே இடிச்சுக் கட்டித் தர்றேன்."

அப்பா அவனைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். ஏதோ சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டார். பிடிவாதம் மாதிரி இல்லை. பெரியவனுக்கு முதல்முறையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுக்களையிலிருந்து அம்மா வந்தார். இரண்டு நாளாக இந்தச் சண்டையில் ஒரு வார்த்தை பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அந்த ரசீதை இங்கே குடு."

"எதுக்கும்மா?"

"குடுன்னா குடேன்."

கொடுத்தான். அம்மா மேஜையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை ஒதுக்கி நீலப் பேனாவை எடுத்து, பன்னிரண்டு ரசீதிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு அலமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து ஒரு பழைய காகித உறையை எடுத்து ரசீதுகளின் மேல் வைத்தார்.

அப்பா அத்தனை நேரமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். தோள் இரண்டும் இறங்கின.

"போடா, சீக்கிரம் கொண்டுபோய்க் குடு. நேரமாகுது," என்றார். 'டா' திரும்ப வந்துவிட்டது. மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள்.

பெரியவன் மட்டும் நகரவில்லை. "அம்மா, பாசத்துல போட்டுட்டீங்க. இது செல்லாதும்மா. வீட்டுக்காரர்தான் போடணும்."

அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்.

"செல்லும்டா. வீடு எங்கப்பா என் பேர்ல எழுதிக் குடுத்தது, நாப்பத்தாறு வருஷமா உங்கப்பாதான் இதுல வாடகை குடுக்காம குடியிருக்கார்."