மூலமட்டத்தாரும் சாய்ந்த சதுரமும்

விருத்தாசலத்தில் சாமி கும்பிடப் போய், கோபுரத்துக்கு மூலை சரியாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு வந்த மனிதர் ஒருவர்தான். எங்கள் பீங்கான் பட்டறையில் சூளை அடுக்குகிறவர். கொத்தனார் மூலை பார்க்கிற மூலமட்டத்தை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். அதுவே அவருக்குப் பேராகிவிட்டது.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியின் சதுர மூடி சாய்ந்து உள்ளே விழுந்துவிட்டது. நாங்கள் கொக்கி போட்டுத் துழாவ, அவர் கரையில் நின்று பாடம் நடத்தினார். “சதுரத்துக்குப் பக்கத்த வுட மூலைக்கு மூலை நீளம் ஜாஸ்தி. அதான் சாஞ்சா உள்ள போயிடுது. வட்டத்துக்கு எப்புடி அளந்தாலும் ஒரே அகலம். வுழவே வுழாது.”

“மொதல்ல ஒரு கை புடிங்கண்ணே!” என்றேன். அவர் காதில் விழவில்லை. இதனாலேயே சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

நான் அங்கே டைல்ஸ் அளந்து அனுப்புகிறவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் அளவு தப்பியதில்லை. முதலாளி ஒரு குச்சி கொடுத்து, “நாலு பக்கமும் இந்த நீளம் இருந்தா அனுப்புங்க” என்றிருந்தார். அப்படியே செய்தேன்.

திட்டக்குடிக் கல்யாண மண்டபத்துக்குப் போன லோடு திரும்பி வந்தது. தரையில் பதித்தால் சந்து சந்தாக இடைவெளி விழுகிறதாம்.

“இன்னாத்த அளந்தீங்க? நாளையிலேர்ந்து வேலைக்கு வர வாணாம்!” என்று எல்லார் முன்னாலும் கத்தினார் முதலாளி. எனக்கு வேலை போவதைவிடப் பேர் போவது பெரிதாக இருந்தது.

மூலமட்டத்தார் சூளையிலிருந்து வந்தார். ஒரே நீளமாக நாலு மரத்துண்டு எடுத்து, மூலைக்கு ஒரே ஆணி அடித்துச் சதுரமாக்கினார். லேசாகத் தள்ளினார். சாய்ந்தது.

“மொதலாளி, இப்ப அளங்க. நாலு பக்கமும் ஒண்ணுதான? நூலு எடுத்து மூலைக்கு மூலை புடிங்க.”

ஒரு மூலைவாட்டில் நூல் நீளம், மறு மூலைவாட்டில் குட்டை. பட்டறையில் டைல்ஸுக்கு மண் அழுத்துகிற மரச்சட்டம் ஈரத்தில் ஆணி தளர்ந்து இப்படித்தான் சாய்ந்திருந்தது.

“இந்தக்கா அளந்தது சரி. நீங்க அளக்கச் சொன்னதுதான் பாதி.”

பிறகு அந்த மரச்சட்டத்தை மூலமட்டம் வைத்து நேராக்கி, அடியில் குறுக்கே ஒரு கட்டை அடித்து இரண்டு முக்கோணமாக்கினார். “இப்பத் தள்ளுங்க.” முதலாளி தோளைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை. அடுத்து, திரும்பி வந்த டைல்ஸை எல்லாம் ஒரே பக்கம் சாய்கிற மாதிரித் திருப்பி வாசலில் அடுக்கிக் காட்டினார். ஒரு நூல்கூட நுழையவில்லை. “சொவரோரம் மட்டும் வெட்டிக்கச் சொல்லுங்க.”

“சரி, நாளைக்கு வாங்க” என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் மதியம் என் தூக்கை எடுத்துக்கொண்டு மூலமட்டத்தார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பில் பாதியை அவருக்கு ஊற்றினேன். அவரோ, “ஒரே நீளக் கயித்த வட்டமா போட்டா எடம் ஜாஸ்தியா, சதுரமா போட்டா ஜாஸ்தியா, சொல்லுக்கா?” என்று ஆரம்பித்தார்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.