மெல்பேர்னிலிருந்து வந்த மூச்சு

கல்லடி,
வைகாசி 22, வியாழக்கிழமை.

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த மைத்துனர் உதயசீலன் அவர்களுக்கு, உமது அத்தான் பேரின்பராசா எழுதிக்கொள்வது.

நீரும் உமது மனைவி மக்களும் மெல்பேர்ன் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நான் உயிரோடு இருக்கிறேன்; மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. இக்கடிதம் அந்த மூச்சைப் பற்றியதே. வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர். அங்கே எனக்கென்று வரும் எதுவும் பத்து நிமிடத்தில் உமது அக்கா அன்னப்பூரணியின் கையால் குடும்பக் குழுவுக்குப் போய்விடுகிறது. மின்னஞ்சலை அவள் திறப்பதில்லை. ஆகவே இது மின்னஞ்சல்.

எங்கள் கழகம் வருடந்தோறும் வைகாசியில் ஐம்பது வயதைத் தாண்டியோருக்கு நடத்தும் பூப்பந்து இரட்டையர் போட்டியை நீர் அறிவீர். காத்தான்குடிப் புடவைக்கடை ஆதம்பாவாவும் நானும் பதினொரு வருடமாக ஒரே சோடி. போன வருட இறுதியாட்டத்தில் எங்களைத் தோற்கடித்தது வேறு யாருமல்ல, உமது சின்னக்காவை மணந்து அடுத்த வளவில் குடியிருக்கும் என் சகலன் கனகசூரியம். மூன்றாவது செட்டில் எனக்கு மூச்சு முட்டி, வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வலைக்கு மறுபக்கம் வந்து, நூறு பேர் கேட்க, “அண்ணன், நெற்ற இழுத்து அறுத்துப்போடாதீங்க, நாளைக்குப் பொடியனுகளுக்கு விளையாடத் தேவை” என்றான். உமது கலியாணப் பட அல்பத்தில் என்னுடைய முழங்கை மட்டுமே இருப்பதையும், பாடசாலையில் எனக்கு வரவேண்டிய அதிபர் பதவி எனக்குப் பின்னால் வந்தவனுக்குப் போனதையும் நான் எவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருக்கிறேனோ, அவ்வளவு கவனமாக இந்த வசனத்தையும் வைத்திருக்கிறேன். இவ்வருடம் அவனுடைய சோடி கனடாவுக்கு மகளிடம் போய்விட்டார். உடனே கனகசூரியத்தின் கண் ஆதம்பாவாமேல் விழுந்தது. ஆதம்பாவா நல்ல மனுசன், முகத்துக்கு நேரேதான் சொன்னார்: “சேர், உங்கட மூச்சு மூணு செட்டுக்குத் தாக்குப் புடிச்சா நாமதான் சோடி. புடிக்கல்லண்டா நான் என்ன செய்யிற, நீங்களே செல்லுங்க.” பெயர் கொடுக்க நாளை வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் கடைசி. ஆட்டம் சனிக்கிழமை.

இந்த இக்கட்டில்தான், இங்கே இருந்த காலத்தில் கல்லடிப் பாலத்தைக் கூடச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்த நீர், அங்கே போய் மூச்சுப் பயிற்சி ஆசிரியராகிவிட்டீர் என்று கேள்விப்பட்டு, என் மானத்தை விட்டு உம்மிடம் கேட்டேன். நீர் மூன்று பக்கம் அனுப்பினீர். நெஞ்சால் அல்ல, வயிற்றால் மூச்செடுக்க வேண்டும். சேர்வ் போடுமுன் கண்ணை மூடி, கழுத்தைத் தளரவிட்டு, நாலு எண்ணும்வரை உள்ளே இழுத்து, நாலு எண்ணும்வரை பிடித்து, நாலு எண்ணும்வரை வெளியே விட வேண்டும். ஸ்மாஷ் அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து “ஹா” என்று மூச்சை வெளியே தள்ள வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இதை எந்த ஊரில், எந்த மாதத்தில் செய்யக்கூடாது என்று ஒரு வரி எழுதினீரா?

கண்ணகை அம்மன் கோயிலில் போன ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்து சடங்கு தொடங்கியது. திங்கள் விடியற்காலை நான் தலை முழுகி, ஈரத் தலையோடு, கழகத்து மஞ்சள் சேட்டைப் போட்டுக்கொண்டு, பின்வளவு வேப்பமரத்தின் கீழ் ரக்கட்டும் கையுமாக நின்று உமது முதலாம் பக்கத்தைத் தொடங்கினேன். கோயிலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். தாளம் வசதியாக இருந்ததால் அதற்கே எண்ணினேன். இழுத்தேன், பிடித்தேன், விட்டேன். உடம்பு வியர்த்து நடுங்கத் தொடங்கியது. அதுதான் பலன் என்று நீர் எழுதியிருந்தீர். பிறகு ஸ்மாஷுக்கு எழும்பிக் குதித்து “ஹா” என்றேன். மூன்றாவது “ஹா”வில் வேலிக்கு அப்பால் ஒரு செம்பு விழும் சத்தம் கேட்டது. அதைக் கவனியாமல் கண்ணை மூடி அடுத்த மூச்சை இழுத்துப் பிடித்தேன். கண்ணைத் திறந்தபோது உமது பெரியம்மா இலட்சுமிப்பிள்ளை மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக என் முன்னால் நிற்கிறார். “தாயே, வந்திற்றியா? என்ட மகன் கட்டாரில இருந்து எப்ப வருவான், ஒரு வாக்குச் சொல்லு தாயே” என்கிறார். நான் அப்போது மூச்சைப் பிடித்திருக்கும் கட்டத்தில் இருந்தேன். இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது உமது கட்டளை. ஆகவே, நாலு எண்ணி முடியும்வரை பொறுங்கள் என்ற கருத்தில் நாலு விரலைக் காட்டினேன். “நாலு மாசம்” என்று அழுதபடி அவர் என் காலில் விழுந்தார்.

மனிதன் தன் சொந்த முற்றத்தில் நின்றால் அதட்டி அனுப்பலாம். நம்மூர் வழக்கப்படி நான் பெண் வீட்டுக்கு வந்திருப்பவன். முற்றம், வேம்பு, வேலி, வேலிக்கு அப்பாலுள்ள பெரியம்மா எல்லாமே உமது அக்காவின் பக்கம். செவ்வாய்க்கிழமை வாக்குக் கேட்க ஆறு பேர் வந்தார்கள். புதன்கிழமை வேலி ஓரமாக வரிசை நின்றது. அதில் என்னிடம் கணிதம் படித்துத் தோற்ற இருவரும் இருந்தார்கள், இப்போதுதான் என் பேச்சைக் கேட்க வந்திருக்கிறார்கள். அன்னப்பூரணியிடம் போய் இதை நிறுத்தச் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக அவள் நான் பேசி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு, சடங்கின் கடைசி நாளான குளிர்த்தி முடியும்வரை மீன், முட்டை, செருப்பு, அரைக் காற்சட்டை எதுவும் ஆகாது என்று சொல்லி, என் விளையாட்டுச் சப்பாத்தைப் பூட்டிவைத்தாள். ரக்கட்டை அம்மனின் பிரம்பாக்கிச் சாமியறையில் சாத்திவைத்துவிட்டாள். நரம்பெல்லாம் சந்தனம். கைப்பிடியில் குங்குமம்.

பெரியம்மாவிடம் நேரடியாகவே விளக்கினேன். இது பூப்பந்து விளையாடுகிறவர்களுக்கான சுவாசப் பயிற்சி, உங்கள் தங்கச்சி மகன் உதயசீலன் மெல்பேர்னிலிருந்து அனுப்பியது, இதோ மூன்று பக்கம் என்று காட்டினேன். அவர் பக்கங்களை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அம்மாள் தன்ன மறைக்கத்தான் மனே இப்பிடிப் பேசுவா. எனக்குத் தெரியாதா?” என்றார். இதற்கு மேல் படித்தவன் என்ன வாதம் செய்வது? நேற்றுப் பின்னேரம் ஆதம்பாவா படலையடியில் வந்து நின்றார். வரிசையைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை. நான் இரகசியமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “சேர், உங்கட கோயில் விசயத்தில நான் வாய் வைக்கப்படாது. ஆனா வெள்ளிக்கிழம ஆறு மணிக்குப் பேர் குடுக்கோணும். கனகசூரியம் ரெண்டு தரம் கடைக்கு வந்திற்றுப் போயிற்றார்” என்றார். போகும்போது, தன் வாப்பாவின் முழங்கால் வலிக்கு ஏதாவது தெரியுமா என்றும் மெதுவாகக் கேட்டார். என் கடைசி நம்பிக்கையும் அத்தோடு போயிற்று.

எனவே நான் உம்மிடம் கேட்பது ஒன்றே. இக்கடிதம் கண்டதும் நீர் குடும்பக் குழுவில், உமது குரலில், உமது தொழிலின் பெயரால், அத்தானுக்கு வந்தது மூச்சே தவிர வேறொன்றுமல்ல என்று அறிவிக்க வேண்டும். ரக்கட்டையும் சப்பாத்தையும் என்னிடம் ஒப்படைக்கும்படி உமது அக்காவுக்குச் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் நாளை ஆறு மணிக்கு ஆதம்பாவா சகலனின் சோடியாகிவிடுவார். அந்த ஆட்டத்தை நான் வேப்பமரத்தடியில் இருந்து கேட்க வேண்டிவரும். அதற்கு உம்மை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டேன். இதுவரை மன்னிக்காதவை வேறு.

உமக்கும் மனைவி மக்களுக்கும் தேகசுகம் நிறைய வேண்டும். எனக்கு நீதி கொஞ்சமாவது வேண்டும்.

இவ்வண்ணம்,
அத்தான் க. பேரின்பராசா.

பி.கு.: அனுப்புவதற்கு முன் ஒரு விடயம். குழுவில் ஒரு சொல்லும் போட வேண்டாம். சற்றுமுன் கனகசூரியம் தலை முழுகி, வெற்றிலைத் தட்டும் வாழைப்பழமுமாக வரிசையில் வந்து நின்றான். கைகூப்பி, “தாயே, நாளைக்கு ஆதம்பாவாவோட பேர் குடுக்கட்டா?” என்று கேட்டான். நான் உமது முறைப்படி நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணிப் பிடித்தேன். அந்த நாலு எண்ணிக்கைக்குள் ஒரு படித்த மனிதன் எவ்வளவு யோசிக்கலாம் என்பது உமக்குத் தெரியாது. பிறகு மூச்சோடு “வேணாம்” என்ற ஒரு சொல்லைத்தான் விட்டேன். இந்த வருடம் முழுக்கக் கோர்ட்டுப் பக்கமே போகக்கூடாது என்பதை அவனே சேர்த்துக்கொண்டு, அழுதுவிட்டுப் போனான். அப்படியானால் அம்மாளே போய் ஆடப்போகிறாளா என்று பெரியம்மா கேட்டார். நீர் சொன்னபடி கழுத்தைத் தளரவிட்டிருந்தேன். அது தானாக ஆடிவிட்டது. ரக்கட் சாமியறையிலிருந்து மேளத்தோடு வெளியே வந்தது. ஆதம்பாவாவுக்குச் சொல்லியாயிற்று. சப்பாத்து மட்டும் கிடைக்காது. வெறுங்காலில்தான் ஆட வேண்டும். வேலியோர வரிசை முழுவதும் இரண்டு பஸ்ஸில் வருகிறது. வென்றால் அது அம்மாளின் அருளாம். தோற்றால் மட்டும் அது என் மூச்சாம். அன்னப்பூரணி இப்போதே சொல்லிவிட்டாள்.