சீனி கேட்டுக் கத்திய குளுக்ககன் அண்ணை

தென் லண்டனில் ஒரு தமிழன் ஒரு மீன் ரோல்ஸை நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தான் என்றால், அன்றைக்குக் குளுக்ககன் அண்ணை அந்தப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம். வந்திருந்தால் இரண்டாவது கடிக்குள் தோளில் ஒரு கை விழுந்திருக்கும்.

"தம்பி, இப்ப உமக்குள்ள என்ன நடக்குது எண்டு தெரியுமோ?"

எனக்குத் தெரியும். டூட்டிங்கில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். பங்குத்தந்தைக்குக்கூடத் தெரியும், அவர் ஐரிஷ்காரர்.

அண்ணை டூட்டிங்குக்குப் பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் இருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயதில் டொக்டர் அவரைப் பிடித்து, "சலரோகம், அதாவது நீரிழிவு, இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது" என்று சொல்லி ஆறு கிழமை வகுப்புக்கு அனுப்பினார். மற்றவர்கள் அந்த வகுப்பிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தோடு திரும்புவார்கள். அண்ணை ஒரு கொள்கையோடு திரும்பினார்.

"எல்லாரும் இன்சுலின், இன்சுலின் எண்டுதான் கதைக்கிறியள். குளுக்ககனைப் பற்றி ஆராவது ஒரு வார்த்தை கதைச்சனீங்களோ?" என்று பூசை முடிந்து தேநீர் குடிக்கும் மண்டபத்தில் நியாயம் கேட்டார்.

ஒருவரும் கதைத்திருக்கவில்லை. குற்ற உணர்வோடு நின்றோம்.

"சாப்பிட்டால் ரத்தத்தில சீனி ஏறும். கணையத்தில இருந்து இன்சுலின் வந்து அந்தச் சீனியைத் தசைக்குள்ள விடும், மிச்சத்தை ஈரலில சேர்த்து வைக்கும். சரி. ஆனா ராத்திரி முழுக்க ஒண்டும் சாப்பிடாமல் படுக்கிறியள். காலமை உயிரோட எழும்புறியள். எப்பிடி?"

"மாதாவின்ர கிருபை," என்றார் பாடகர் குழுவின் ஞானம் அக்கா.

"ஓம். ஆனா மாதா அந்த வேலையைக் குளுக்ககனிட்டை எல்லோ குடுத்திருக்கிறா! அதுவும் கணையத்தில இருந்துதான் வருது. சீனி குறைஞ்சால் ஈரலுக்குப் போய், சேர்த்து வைச்சதை வெளியில விடு எண்டு சொல்லுறது அதுதான்."

அன்றைக்கே மலேசியா ராஜன் அவருக்கு அந்தப் பெயரை வைத்தான். ராஜன் இங்கே படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டவன். நாற்பது வயது, தனியாள், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. கேலி செய்வதில் அவனை வெல்ல ஆள் கிடையாது. "என்னா குளுக்ககன் அண்ணே, ஈரல் சௌக்கியமா?" என்பான். அண்ணை கோபிக்கவே மாட்டார். அந்தப் பெயர் அவருக்குப் பட்டம் கிடைத்த மாதிரி.

பிறகு கையில் ஒட்டும் சீனி மீட்டர் ஒன்றைச் சொந்தச் செலவில் வாங்கினார். புஜத்தில் சின்ன வட்டம். சீனி எவ்வளவு என்று போன் காட்டும்; இங்கத்தைய கணக்கில் நாலுக்குக் கீழே போனால் ஆபத்து, ஏழைத் தாண்டினால் அதிகம். எங்கள் சனி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. பங்குச் சபைக் கூட்டத்தில் செயலாளர் ஆண்டறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது நிமிடத்தில் அண்ணை போனை உயர்த்திப் பிடித்தபடி எழுந்தார்.

"மன்னிக்கோணும். வரேக்க எனக்குச் சீனி ஐஞ்சரை. ஒரு வாய் சாப்பிடேல்லை. இப்ப எட்டு. இது உங்கட அறிக்கையால வந்த சீனி. கோவம் வந்தால் அட்ரினலின், கோர்ட்டிசோல் எல்லாம் கிளம்பும். கிளம்பினால் ஈரல் சீனியைத் திறந்து விடும். என்ர ஈரலுக்காகக் கேக்கிறன், கெதியா முடியுங்கோ."

செயலாளர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டறிக்கை பத்தே நிமிடத்தில் முடிந்தது. பங்கே அண்ணைக்கு நன்றி சொன்னது.

போன கோடையில் மாதா யாத்திரைக்கு ஒரு பஸ் பிடித்தோம். நாற்பது பேர். ஒழுங்கமைப்பாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? காலையில் பஸ் வாசலில் நின்று, ஏறும் ஒவ்வொருவருடைய பையையும் சோதித்தார். கோலா, மாம்பழச் சாறு, டொபி எல்லாம் பறிமுதல். தண்ணீருக்கு மட்டும் அனுமதி. "போற வழி முழுக்கச் சும்மா குந்தி இருக்கப் போறியள். இருக்கிற உடம்புக்கு என்னத்துக்குச் சீனி?"

நெடுஞ்சாலையில் பாதி வழியில் பஸ் நின்றது. முன்னால் ஏதோ விபத்து. பன்னிரண்டரைக்குச் சாப்பிட வேண்டிய இடத்துக்கு இன்னும் பத்து மைல். ஒன்றரை மணிக்கும் அசையவில்லை. ஞானம் அக்கா செபமாலையைத் தொடங்கினார். அதே செபம் திரும்பத் திரும்ப ஓடி மூன்றாவது மறைபொருளுக்கு வந்தபோது ராஜன் திடீரென்று எழுந்தான்.

"எத்தனை வாட்டி அதையே சொல்வீங்க? நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. ஏசி குளிரிலும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இருக்கையைப் பிடித்த கை நடுங்கியது.

"காலமையே குடிச்சிருக்கிறான்," என்று ஞானம் அக்கா முணுமுணுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணை முன் இருக்கையிலிருந்து வந்தார். ராஜன் அவரைத் தள்ளினான். தள்ளிய கையின் சட்டை மேலே ஏற, புஜத்தில் அதே சின்ன வட்டம் தெரிந்தது. அண்ணையின் முகம் மாறியது.

"தம்பி, இன்சுலின் போட்டனீரோ?"

"பன்னண்டரைக்குச் சாப்பாடுன்னு... சொன்னாங்க," என்றான். வார்த்தைகள் குழறின.

சாப்பாடு வருமென்று நம்பி ஊசியைப் போட்டிருக்கிறான். ஊசி வேலை செய்கிறது; சாப்பாடு வரவில்லை; சீனி இறங்கிவிட்டது. அண்ணை எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"சீனி! ஆரிட்டையாவது சீனி இருக்கோ? கெதியா!"

ஒருவரையொருவர் பார்த்தோம். பறித்ததெல்லாம் டூட்டிங்கில் மண்டப மேசையில் கிடந்தது. அண்ணையின் கண்களில் நான் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

அப்போது அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா மெல்ல எழுந்து, தன் கைப்பையின் அடியிலிருந்து ஒரு மாம்பழச் சாற்றுப் பெட்டியை எடுத்தார்.

"இது எப்ப?" என்றார் அண்ணை.

"பேந்து கதைப்பம். முதல் குடுங்கோ."

அவ்வளவுதான். அணை உடைந்தது. தொப்பிக்குள்ளிருந்து டொபி வந்தது. குழந்தையின் நாப்கின் பையிலிருந்து கோலா வந்தது. செயலாளர் சப்பாத்துப் பெட்டி ஒன்றைத் திறந்தார், முழுக்கத் தொதல், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டிய இனிப்பு.

"தொதல் வேண்டாம்! அதில எண்ணெய், மெதுவாத்தான் ஏறும்," என்று அந்த நேரத்திலும் அண்ணை தீர்ப்புச் சொன்னார். ராஜனின் தலையைத் தாங்கி, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தபடி கால் மணித்தியாலம். ராஜனின் போனில் இரண்டு புள்ளி எட்டாக இருந்த சீனி நாலு புள்ளி ஒன்று ஆனது. நடுக்கம் நின்றது.

"சாரி அக்கா," என்றான் ஞானம் அக்காவிடம். அக்கா அழுதுவிட்டார்.

அவனுக்குப் பதினாறு வயதிலிருந்தே சலரோகம் இருந்திருக்கிறது. ஒருவருக்கும் சொன்னதில்லை. "சொன்னா நோயாளின்னு பார்ப்பாங்கண்ணே."

"உம்மட குளுக்ககன் எங்க போச்சுது எண்டு யோசிச்சனீரோ?" என்று அண்ணை தாழ்ந்த குரலில் கேட்டார். "கன வருசம் இந்த வருத்தம் இருந்தால் அதுவும் களைச்சுப் போகும் தம்பி. சீனி இறங்கேக்க சரியா ஓடி வராது. அப்ப பக்கத்தில ஆக்கள் வேணும். எங்களிட்டைச் சொல்லாமல் வேற ஆரிட்டைச் சொல்லப் போறீர்?"

ராஜன் அன்றைக்குக் கேலி எதுவும் செய்யவில்லை.

யாத்திரை முடிந்து திரும்பி வரும்போது அண்ணை அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஒவ்வொரு கால் மணிக்கும் அவன் போனை எட்டிப் பார்த்தார். குரொய்டன் தாண்டும்போது அவன் தோளிலேயே தூங்கிப்போனார். நாங்கள் அமைதிக்குப் பேர்போன கூட்டம் இல்லை. ஆனால் டூட்டிங்கில் வெயில் இன்னும் இருந்த அந்த மாலையில், மற்ற எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் இன்னும் ஐந்து நிமிடம் தூங்கட்டும் என்று, சத்தமில்லாமல் ஒவ்வொருவராக இறங்கினோம்.